விடுமுறைக்கு ஒரு முள் பாடம்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் கடலூர்ப் பெற்றோருக்கு: கையில் முள்ளைக் கொடுங்கள், பொழுது போவதே தெரியாது. பண்ருட்டிப் பலாவை அரியும் முன் தோலைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஒவ்வொன்றும் ஒரு பூ இருந்த இடம் என்றதும் என் மகள் எண்ணவே தொடங்கிவிட்டாள்.

அடுத்து ரோஜாவும் எலுமிச்சையும். ரோஜா முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்'கென்று பெயர்ந்துவிடும். அடியில் ஈரமான பச்சைத் தழும்பு மட்டும் தெரியும். அது தோலின் வளர்ச்சிதான். எலுமிச்சை முள் அப்படி வராது, அது உருமாறிய கிளை. சப்பாத்திக்கள்ளியில் இலையே முள்ளாகிவிட்டது. (கள்ளியைத் தொடவிடாதீர்கள். அதன் நுண்முள் தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.)

களிமண் உருண்டையில் துடைப்பத்து ஈர்க்குச்சிகளைச் செருகி முள்ளம்பன்றி செய்தோம். அது முள்ளை அம்பு போல எய்யும் என்பார்கள், எய்யாது. தொட்டவர் மேல் கழன்று தைக்கும், அவ்வளவுதான். அந்த முள்ளும் நம் தலைமுடியும் ஒரே வகைப் புரதம் என்று சொன்னபோது அவள் தன் சடையைத் தடவிப் பார்த்தாள்!

மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் இராவணன் மீசைப் புல்லைத் தேடுங்கள். அதன் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடினால் பிள்ளைகளைத் துரத்தவிடுங்கள். விதை அதற்குள்தான் ஊர் மாறுகிறது.