தமிழ்த் தளத்துக்குக் கீவேர்ட் தேர்வு: சர்ச் கன்சோலிலிருந்து தொடங்குங்கள்

கீவேர்ட் (மக்கள் கூகுளில் அடிக்கும் தேடல் சொல்) தேர்வு என்றதும் பலர் முதலில் திறப்பது விளம்பரதாரர்களுக்கான கூகுள் கீவேர்ட் பிளானரைத்தான். தளம் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலுக்குப் போங்கள். உங்கள் பக்கங்களை எந்தெந்தத் தேடலுக்குக் காட்டலாம் என்று கூகுள் ஏற்கெனவே எடுத்திருக்கும் முடிவு அங்கே இருக்கிறது. வேறு எந்தக் கருவியும் இதைச் சொல்லாது, காசு கட்டினாலும் சரி.

சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றிய தமிழ்த் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தோன்றிய எண்ணிக்கை), சிடிஆர் (தோன்றியதில் கிளிக் ஆன விழுக்காடு), சராசரி இடம் ஆகிய நான்கு பெட்டிகளையும் தேர்ந்தெடுங்கள். 16 மாதத் தரவு வரை கிடைக்கும் என்றாலும் முதல் பார்வைக்குக் கடைசி 3 மாதம் போதும். சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களை மட்டும் வடிகட்டி, இம்ப்ரெஷன் அதிகமானவை மேலே வரும்படி அடுக்குங்கள். வேலையை இந்தப் பட்டியலில் தொடங்க வேண்டும். 60-ஆம் இடத்தில் கிடக்கும் சொல்லை மேலே இழுப்பதைவிட, 11-இல் இருப்பதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் எளிது.

இங்கே இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். சொல்வாரியான கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்துக்குக் குறைவாக இருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைக்கிறது, அட்டவணையும் 1000 வரிசைக்கு மேல் காட்டாது. ஒவ்வொரு பக்கமாக வடிகட்டிப் பார்த்தால் இந்த வரிசை வரம்பால் விடுபட்ட சொற்கள் பல வெளியே வரும். இன்னொன்று, சராசரி இடம் 9 என்றால் எப்போதும் 9-இல் நிற்கிறது என்று பொருளில்லை. ஒரு நாட்டில் 3, இன்னொரு நாட்டில் 15 என்று இருந்தாலும் 9 வரலாம். நாடு வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள்.

பட்டியலைக் கூகுள் ஷீட்ஸுக்கு நேரடியாக ஏற்றுமதி செய்வது பாதுகாப்பு. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் சிதைந்து போகலாம். இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்தில் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. ‘கொ’ போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது தனித்தனி இரண்டு குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் குறிகளை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். நிரல் எழுதிப் பட்டியலைச் சுத்தம் செய்பவர்கள் முதலில் எல்லாவற்றையும், ஒரே குறியாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது பட்டியலை விரிப்பது. மறைநிலைச் சாளரத்தில் கூகுளைத் திறந்து ‘சைக்கிள் செயின்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு க, ச, த, ப, ம என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். தானாக வரும் பரிந்துரைகள் எல்லாம் பிறர் தேடியவற்றிலிருந்து பிறந்தவை. தேடல் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மறைநிலை என்பது பழைய தேடல் வரலாற்றை மட்டுமே விலக்கும், நீங்கள் இருக்கும் ஊரைக் கூகுள் அப்போதும் கணக்கில் எடுக்கும்.

தமிழ்த் தளங்கள் அதிகம் கோட்டை விடுவது சொல் வழக்கில். எழுதுகிறவர் ‘மிதிவண்டி’ என்று எழுதுகிறார், தேடுகிறவர் ‘சைக்கிள்’ என்று அடிக்கிறார். எழுதுகிறவர் ‘துளை அடைத்தல்’ என்கிறார், தேடுகிறவருக்குத் தெரிந்தது ‘பஞ்சர்’. சந்தேகமிருந்தால் கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொல்லையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். அங்கே வரும் 0 முதல் 100 வரையான எண் ஓர் ஒப்பீட்டு அளவு மட்டுமே, எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை ஆகாது. நல்ல தமிழ்ச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தலைப்பில் ‘சைக்கிள்’, கட்டுரைக்குள் ‘மிதிவண்டி’ என்று இரண்டுக்கும் இடம் கொடுக்கலாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் தங்கிலீஷ் தேடல் தனி உலகம். ‘எப்படி’ என்ற ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஒரு ‘பி’ போட்டு, இரண்டு ‘பி’ போட்டு, முன்னால் ‘ஒய்’ சேர்த்து என்று பல விதமாக அடிக்கிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் போடுவது வீண் வேலை. பக்க முகவரியைத் தங்கிலீஷில் சுருக்கமாக வைத்தால் போதும். அதில் இன்னொரு வசதியும் உண்டு: தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய 9 எழுத்துகளாக விரிந்துவிடும். பார்ப்பவர் அதைக் கிளிக் செய்யத் தயங்குவார்.

வேற்றுமை உருபும் கவனிக்க வேண்டியது. தேடுகிறவர்கள் பெரும்பாலும் உருபை விட்டுவிட்டு ‘பஞ்சர் ஒட்டுவது எப்படி’ என்று அடிக்கிறார்கள். தலைப்பில் அந்த வடிவம் அப்படியே இருக்கட்டும். உள்ளே ‘பஞ்சரை’, ‘பஞ்சரான டியூபை’ என்று இயல்பாக எழுதுங்கள், தேடல் இயந்திரம் புரிந்துகொள்ளும்.

இப்போது பிளானருக்கு வரலாம். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் அது துல்லிய எண்ணைக் காட்டாமல் ‘100 – 1 ஆயிரம்’ போன்ற வரம்பையே காட்டும். அங்கே இருக்கும் ‘போட்டி’ நெடுவரிசை காட்டுவது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி. இயல்பான தேடல் தரவரிசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘போட்டி குறைவு’ என்று பார்த்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் உழைத்து ஏமாந்தவர்கள் நிறைய. தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு இந்தக் கருவிகள் எண்ணே காட்டாது. சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் வருகிறதென்றால் அந்தச் சொல்லுக்கு ஆள் இருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

எந்தச் சொல்லையும் உறுதி செய்யும் முன், அதைத் தேடி முதல் பக்கத்தின் 10 முடிவுகளையும் உட்கார்ந்து படியுங்கள். அவசரப்படக் கூடாத கட்டம் இது. ‘கியர் சைக்கிள்’ என்று தேடினால் விற்பனைப் பக்கங்களே வரிசையாக வருகின்றனவா? அப்படியானால் தேடுகிறவர் வாங்க வந்திருக்கிறார். கியர் எப்படி இயங்குகிறது என்ற உங்கள் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே நுழைவது கடினம். ‘கியர் மாற்றும்போது சத்தம்’ என்று தேடினால் வருவது விளக்கக் கட்டுரைகள் என்றால் அது உங்கள் இடம். மேலே முழுக்க வீடியோக்கள் என்றால் கையால் செய்து காட்டுவதைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று பொருள். படிப்படியான படங்கள் இல்லாமல் வெறும் எழுத்தை வைத்து அங்கே போட்டியிடாதீர்கள். பழைய, அரைகுறையான பதில்கள் மேலே நின்றால் அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

பட்டியலில் உள்ள இரண்டு சொற்களைத் தனித்தனியே தேடும்போது முதல் பக்க முடிவுகளில் பாதியாவது ஒன்றாக இருந்தால் ஒரே பக்கம் போதும். இதைப் பார்க்காமல் ‘செயின் கழல்வது ஏன்’, ‘செயின் அடிக்கடி கழல்கிறது’ என்று இரண்டு கட்டுரை போட்டால் அவை ஒன்றையொன்று கீழே இழுத்துவிடும். சர்ச் கன்சோலில் அந்தச் சொல்லைக் கிளிக் செய்து பக்கங்கள் தாவலுக்குப் போனால், இரண்டு முகவரிகள் இம்ப்ரெஷனைப் பங்கு போட்டுக்கொண்டு இடம் மாறி மாறி வருவது தெரியும். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதன் சரக்கை அதில் சேர்த்து, பழைய முகவரியிலிருந்து 301 திருப்பம் (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போட்டுவிடுங்கள்.

சொல்லை வைக்கும் இடங்கள் பழகியவைதான்: தேடல் முடிவில் தெரியும் தலைப்பு, பக்கத்துக்குள் வரும் முதன்மைத் தலைப்பு, முதல் பத்தி, பொருந்தும் துணைத்தலைப்பு, தளத்தின் பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்பின் எழுத்து. தமிழ் எழுத்துகள் அகலமானவை, தேடல் முடிவில் தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும். ஆகவே முக்கியச் சொல் முன்னால் வரட்டும். மெட்டா கீவேர்ட்ஸில் (பக்க நிரலுக்குள் மறைவாக எழுதும் சொல் பட்டியல்) நேரம் செலவழிக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இத்தனை விழுக்காடு முறை சொல் வர வேண்டும் என்ற கணக்கும் அப்படித்தான். வரிக்கு வரி ஒரே சொல்லைத் திணிப்பது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது.

பக்கத்தை மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் பக்கத்தை மீண்டும் படித்துப் பதியுமாறு கூகுளிடம் கேட்டுவிட்டு, அதே பக்கத்தில் வேறு எதையும் தொடாமல் குறைந்தது 28 நாள் விடுங்கள். பிறகு மாற்றத்துக்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். இடம் உயர்ந்தும் கிளிக் கூடவில்லை என்றால் தலைப்பையும் தேடல் முடிவில் அதன் கீழே வரும் விவரக்குறிப்பையும் திருத்துங்கள். இம்ப்ரெஷன் கூடி, சராசரி இடம் இறங்கியிருந்தால் பதற வேண்டாம். புதிய தேடல்களில் பின்வரிசையில் நுழைந்திருப்பீர்கள். அந்தப் புதிய சொற்களை எடுத்து அடுத்த சுற்றுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.