முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்: நியூ ரிவர் பள்ளத்தாக்கின் நடைபாதைகள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நியூ ரிவர் என்னும் ஆறு குடைந்து செல்லும் பள்ளத்தாக்கில் நடக்க விரும்புபவர்கள், மலையேற்றத்தில் நமக்குப் பழகிப்போன கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பழனியில் உடம்பில் தெம்பு இருக்கும்போது படியேறிவிட்டு, களைத்த பிறகு இறங்குகிறோம். இங்கே கார் நிற்கும் இடம் மேலே இருக்கிறது, ஆறு கீழே ஓடுகிறது. தெம்பெல்லாம் இறக்கத்தில் தீர்ந்த பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. ஒஹையோவிலிருந்து குடும்பத்துடன் காரில் சென்று, விளிம்பையொட்டிய சில பாதைகளையும் ஆற்றங்கரை வரை இறங்கும் ஒரு பாதையையும் நடந்து முடித்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த ஆற்றின் சுமார் 85 கிலோமீட்டர் நீளப் பகுதி 1978ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் பாதுகாப்பில் இருந்துவருகிறது. 2020 டிசம்பரில் அது தேசியப் பூங்காவாகவும் காப்பகமாகவும் உயர்த்தப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒரே வாசல் என்றும் எதுவும் கிடையாது. நடைபாதைகள் ஆற்றின் நெடுகிலும் சிதறிக் கிடப்பதால், வடக்கில் உள்ள ஒன்றை முடித்துவிட்டுத் தெற்கில் உள்ள ஒன்றுக்குப் போவதென்றால் மலைச் சாலைகளில் நெடுநேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கும். பள்ளத்துக்குள் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எனவே வடக்கே ஃபேயட்வில் ஊரை ஒட்டியுள்ள பாதைகளுக்கு முதலிடம் கொடுத்து, தெற்குப் பகுதியை அம்மாவுக்காகத் தனியாக ஒதுக்கி வைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

நாங்கள் போனது அக்டோபரில். அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையன்று அங்குள்ள பெரிய பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு, பாராசூட்டுடன் குதிப்பவர்களுக்காகத் திறந்துவிடும் ஒரு விழா நடக்கும் என்பதால், சுற்றுவட்டாரத்தில் தங்குவதற்கு அறை கிடைப்பது கடினம். அந்த வாரத்தைத் தவிர்த்தோம். இலையுதிர்காலத்தில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். காப்பகம் என்று வகுக்கப்பட்ட பகுதியில், அதாவது நிலத்தின் பெரும்பகுதியில், பருவகாலத்தில் வேட்டைக்கு அனுமதி உண்டு. நடப்பவர்கள் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி ஆரஞ்சு நிறத்தில் உடுத்திக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு மலிவான ஆரஞ்சு மேல்சட்டையை வாங்கி எடுத்துச் சென்றோம். புகைப்படங்களில் நாங்கள் சாலைப் பணியாளர்களைப் போலவே இருக்கிறோம்.

பாலத்துக்கு அருகிலுள்ள பார்வையாளர் மையத்தில் காகித வரைபடம் ஒன்றை வாங்கிக்கொண்டோம். எந்தப் பாதையை எந்த நேரத்தில் தொடங்குவது என்று அங்கிருந்த வனக்காவலரிடம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் பயணத்தை உண்மையில் ஒழுங்குபடுத்தியது. இலையுதிர்காலக் காலைகளில் பள்ளம் முழுவதும் மூடுபனி நிரம்பியிருக்கும் என்றும், விளிம்பிலிருந்து பார்ப்பதற்கான பாதைகளுக்கு முற்பகல் கழியும் வேளையில் போனால் போதும் என்றும், கீழே இறங்கும் பாதைகளுக்குத்தான் காலைப்பொழுது வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை நாங்கள் போட்டு வைத்திருந்த திட்டம் இதற்கு நேர் எதிராக இருந்தது.

விளிம்புப் பாதைகளில் முதலில் நடந்தது லாங் பாயின்ட். ஒரு வழி ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். பெரும்பகுதி சமதளமான காட்டுப் பாதை. கடைசியில் மட்டும் வேர்களும் கற்களும் நிறைந்த சரிவு. அது முடியும் பாறையில் நின்றால் பாலம் முழுவதையும் பக்கவாட்டிலிருந்து காணலாம். 1977இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஆற்றிலிருந்து 267 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் எஃகு வளைவு மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 518 மீட்டர். அதன் துருநிறத்தைப் பார்த்து, பராமரிப்பே இல்லை போலிருக்கிறது என்றார் மைத்துனர். மேற்பரப்பில் படியும் துருவே காப்பாக அமைந்து, வண்ணம் பூசும் தேவையை நீக்கிவிடும் வகையைச் சேர்ந்த எஃகு அது. பாலம் வருவதற்கு முன் வளைந்து வளைந்து இறங்கி ஆற்றைக் கடந்து மறுபுறம் ஏற முக்கால் மணி நேரம் போல ஆனதாம். இப்போது ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். பழைய சாலை இன்னமும் இருக்கிறது. பெரும்பாலும் ஒருவழியாகச் செல்லும் அந்தக் குறுகிய கொண்டைஊசி வளைவுகளில், பாலத்தின் அடியில் காரை மெதுவாக ஓட்டிச் செல்ல முடியும்.

அடுத்த பாதையான எண்ட்லெஸ் வால், பெயருக்கேற்ப நீண்ட மணற்பாறைச் சுவரின் உச்சியை ஒட்டிச் செல்கிறது. ஃபெர்ன் க்ரீக் பக்கமிருந்து தொடங்கினால் ரோடோடெண்ட்ரான் புதர்களின் ஊடாக ஓடையைக் கடந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் சுமாருக்கு டயமண்ட் பாயின்ட் வந்துவிடும். பலர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். பாதையின் மறுமுனை வரை நடந்து, பிறகு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தார்ச்சாலை வழியாகக் காருக்குத் திரும்புவதே என் பார்வையில் சிறந்தது, ஏனெனில் டயமண்ட் பாயின்டைத் தாண்டிய பிறகு கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பாறை விளிம்பில் எங்கும் தடுப்புக் கம்பி இல்லை.

இனி கேமூர். அங்கே போவதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் காட்சிகள்தாம். அந்தப் பள்ளத்தாக்கு என்னவாக இருந்தது என்பது கேமூரில்தான் புரிந்தது. 1873இல் ஆற்றங்கரையோடு ரயில் பாதை முடிந்ததும், மலையில் கிடந்த நிலக்கரி சந்தைக்குப் போக வழி கிடைத்து, பள்ளம் நெடுக சுரங்க ஊர்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றான கேமூர் 1900 முதல் 1962 வரை இயங்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வந்த வழியே இன்றைய நடைபாதை. மேலிருந்து செங்குத்தான வளைவுகளில் சுமார் 800 மீட்டர் இறங்கினால், மலையின் நடுவே ஒரு திட்டு போல அமைந்த சுரங்க மட்டம் வரும். இரும்புக் கம்பிகளால் அடைக்கப்பட்ட சுரங்க வாயும், பாதுகாப்பாக வேலை செய்யுமாறு குடும்பத்தின் பெயரைச் சொல்லி வேண்டும் பழைய பலகையும், கூரையிழந்த சில கட்டடங்களும் அங்கே இருக்கின்றன.

அதற்கும் கீழே, நிலக்கரியைத் தரம் பிரித்த ஆலையின் சிதைவுகளுக்கும் அதைச் சுட்டுக் கற்கரியாக்கிய உலைகளுக்கும் போக 821 மரப்படிகள். அன்று காலையில் பனியால் படிகள் நனைந்து, மேலே விழுந்த இலைகள் வழுக்கின. கைத்தடி இல்லாமல் இறங்கியிருக்க முடியாது. கீழே கொடிகள் பின்னிய உலைகளின் வரிசையைத் தவிர ஊர் இருந்ததற்கான அடையாளம் குறைவு, ஆனால் ஆற்றின் ஓசை கேட்கும் அந்த இடத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. திரும்பும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது என்று வகுத்துக்கொண்டோம். விரைவில் அது முப்பதாகியது. இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏற்றத்துக்கு ஒதுக்கி, தண்ணீரில் பாதிக்கு மேல் மீதம் வைத்திருந்ததால் அவதி இல்லை. படிகள் முடிந்து சுரங்க மட்டத்துக்கு வந்ததும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அதற்கு மேலும் அந்த 800 மீட்டர் ஏற்றம் பாக்கி இருப்பதை அப்போது யாரும் பேச்சில் எடுக்கவில்லை.

நடை முடிந்த ஒவ்வொரு முறையும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு, தலைமுடிக்குள் என்று பார்க்க வேண்டும். அக்டோபரிலும் அவை ஓய்வதில்லை. அவற்றால் லைம் நோய் பரவும் வாய்ப்பு இருப்பதால் இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது.

தெற்குப் பகுதிக்கு அம்மாவும் வந்தார். கிராண்ட்வியூவில் கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தாலே, சுமார் 425 மீட்டர் கீழே ஆறு குதிரை லாடம் போல வளைந்து திரும்புவதைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து ஹின்டன் ஊருக்குப் போய், ஆற்றோரச் சாலையில் சாண்ட்ஸ்டோன் அருவியை அடைந்தோம். உயரம் குறைவு, அகலம் அதிகம். மரப்பலகை நடைமேடையும் பாலங்களும் தீவுகள் வழியாக அருவியின் அருகே கொண்டுபோய்விடுகின்றன. “இதையே முதல்ல காட்டியிருக்கலாமேப்பா” என்றார் அம்மா.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்கள், காலையில் கேமூரில் சுரங்க மட்டம் வரை மட்டும் இறங்கித் திரும்பிவிட்டு, பனி விலகிய பிறகு லாங் பாயின்டுக்குப் போவதே சரி என்று நினைக்கிறேன். சுரங்க வாயைப் பார்ப்பதற்கு 821 படிகள் தேவையில்லை.