தகடூரில் இருந்துகொண்டு வெளியுறவு படித்தேன்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வை முதல் முறை எழுதிவிட்டு வெளியே வந்தபோதே குறை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொது அறிவு இரண்டாம் தாளில் அரசியலமைப்புக் கேள்விகளுக்குக் கை தயங்கவில்லை. சீனா, இலங்கை என்று வந்ததும் ஒப்பந்தங்களின் பெயரும் ஆண்டும் வரிசையாக வந்து விழுந்தன. ஏன் அப்படி நடந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 15 மதிப்பெண் கேள்விக்கு 250 சொற்கள். அத்தனையும் தகவலாகவே போயின.

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்குத் திரும்பி, தமிழ் வழியிலேயே மறுபடி எழுதுவது என்று முடிவு செய்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் ஒரு புத்தகம் வாங்கி வந்து கொடுத்தார். ஓய்வுபெற்ற தூதர் சிவசங்கர் மேனன் இந்தியாவின் வெளியுறவு முடிவுகளைப் பற்றி எழுதி 2016இல் வெளியிட்ட ‘சாய்சஸ்’. ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. அகராதியோடு ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் என்று கணக்கு வைத்துப் படித்தேன். மெதுவாகப் படித்ததே நல்லதாகப் போயிற்று.

மேனனின் பணி வாழ்க்கையை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிக்கு வந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர் கே.பி.எஸ். மேனனின் பேரன். இஸ்ரேல், இலங்கை, சீனா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் இந்தியாவின் தூதராக இருந்துவிட்டு, 2006 முதல் 2009 வரை வெளியுறவுச் செயலர், 2010 முதல் 2014 வரை தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். நம் பாடத்திட்டத்தில் ‘இந்தியாவும் அண்டை நாடுகளும்’ என்று ஒற்றை வரியில் இருப்பதை இந்த மனிதர் ஊர் ஊராகப் போய் வாழ்ந்திருக்கிறார். ஒருவருடைய கண் வழியாகப் போனால் தலைப்புகள் தனித்தனியாக நிற்பதில்லை; ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கிறது.

என் நோட்டில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு கட்டம் போட்டேன். அன்றைய நிலைமை, அன்று எதிரே இருந்த வழிகள், தேர்ந்தெடுத்த வழி, பிற்பாடு நடந்தது. இரண்டாவது கட்டத்தை நிரப்புவதுதான் கடினம். ஆனால் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

1993ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி, நரசிம்ம ராவ் பெய்ஜிங் சென்றிருந்தபோது, இந்திய-சீன எல்லையில் அமைதி காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பேச்சுவார்த்தையில் மேனனுக்கு நேரடிப் பங்கு உண்டு. சோவியத் ஒன்றியம் கலைந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிலிருந்து நாடு அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 1962இல் இழந்த நிலத்தைப் போரிட்டு மீட்கலாம். எந்த ஏற்பாடும் இல்லாமல் அப்படியே விடலாம். உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுக்காமல், இரு படைகளும் நடைமுறையில் நிற்கும் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டை மட்டும் இருதரப்பும் மதிக்கலாம். மூன்றாவது வழியைத் தேர்ந்தார்கள். 1996இல் வந்த அடுத்த ஒப்பந்தம், அந்தக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூடு கூடாது என்றது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் துப்பாக்கி வெடிக்காமலே நம் வீரர்கள் 20 பேர் ஏன் இறந்தார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அன்று செய்தித்தாளில் அவர் படத்தைப் பார்த்து அழுதவன், காரணத்தை அறிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரம்மபுத்திரா கேள்வி வந்தால் தயங்கவே வேண்டாம். மேல்மடையில் இருப்பவன் மதகைத் திறப்பதும் மூடுவதும் கீழ்மடைக்காரனுக்கு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிலிகுண்டுலுவில் காவிரி நீரை அளந்து எத்தனை கன அடி என்று தினமும் சொல்கிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்கூட அந்த எண்ணைச் சொல்வார். காவிரிக்கு நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் உண்டு. பிரம்மபுத்திராவுக்கு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தமே கிடையாது. வெள்ளக்காலத் தரவுகளைப் பகிர்வதற்கு 2002இல் ஒரு புரிந்துணர்வு மட்டும் ஏற்பட்டது. இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதினால் விடைக்கு உயிர் வரும்.

அரசுகளின் கூட்டறிக்கைகளைப் படிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நான் ஔவையாரிடம் கற்றேன். நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் படைக்கலங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை முனை ஒடிந்து எப்போதும் கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன. ஒரு மிரட்டல் சொல்கூடக் கிடையாது. கேட்டவனுக்குப் புரிந்திருக்கும். கூட்டறிக்கையிலும் எது பாராட்டப்பட்டிருக்கிறது, சென்ற முறை இருந்த எந்தச் சொல் இந்த முறை காணவில்லை என்று தேடுங்கள்.

மும்பைத் தாக்குதலைப் பற்றி மேனன் எழுதியது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அவருடைய நேர்மை. 2008 நவம்பரில் உடனடிப் பதிலடி வேண்டும் என்று தானே வற்புறுத்தியதையும், பின்னால் யோசித்தபோது பொறுமை காத்ததே சரி என்று தோன்றியதையும் சேர்த்தே சொல்கிறார். அவரை மறுக்கவும் இடம் உண்டு. விடையில் இரண்டையும் எழுதினேன்.

இலங்கை அத்தியாயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். நான்கு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. 2009 மே மாதம் எனக்குப் பள்ளிப் பருவம். வீட்டில் யாரும் தொலைக்காட்சியை அணைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அந்தக் காலத்தில் வெளியுறவுச் செயலராக இருந்தவர் எழுதியதைப் படிப்பது எளிதாக இல்லை. கொழும்பைப் பகைத்துக்கொண்டு விலகியிருந்தாலும் போர் நின்றிருக்காது, இந்தியாவின் சொல்வாக்குதான் போயிருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். என் மனம் இதை இன்றும் முழுதாக ஏற்கவில்லை. இருந்தாலும் நான்கு கட்டத்தையும் நிரப்பினேன். 1987 ஒப்பந்தம், அமைதிப்படை, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம் என்று எழுதி முடித்து, கல்லூரித் தோழன் ஒருவனிடம் காட்டினேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு அணையை ஒட்டிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவன். பெயின்டிங் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தான். விரல் இடுக்கில் வெள்ளைச் சுண்ணம் காய்ந்திருந்தது. தாளில் படாமல் ஓரமாகப் பிடித்துப் படித்தான்.

“எல்லாம் சரி. நான் எந்தக் கட்டத்தில் வருகிறேன்?” என்று கேட்டான்.

நான் அவனை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. இந்திய மண்ணில் பிறந்தும் குடியுரிமை இல்லாதவன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் சொல்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம். என்னைவிட நன்றாகப் படித்தவன் அவன்.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன்: இந்த முடிவு யார் வீட்டில் போய் முடிந்தது? அன்றிலிருந்து எந்த அண்டை நாட்டைப் பற்றி எழுதினாலும் அந்தக் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மற்ற நான்குக்கும் போகிறேன். இலங்கை விடையை அவனிடம் மறுபடி காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினான்.