அக்கா ஏன் அப்படி ஓட்டுப் போட்டா

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலைல குழித்துறைல எங்க வீட்டுத் திண்ணைல சாயா குடிச்சிட்டு இருந்தேன், உள்ள டிவில ஓட்டெடுப்பு முடிவுப்படி பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போவுதுன்னு ஓடிட்டு இருந்துச்சு. அக்கா இங்கிலாந்துல லீட்ஸ்ல நர்ஸா இருக்கா, 2010ல போனவ. உடனே போன் போட்டு "என்னக்கா இப்படி ஆயிப்போச்சு, உங்களுக்கு எதும் பிரச்சின வருமா"ன்னு கேட்டேன். அவ நைட் டியூட்டி முடிச்சிட்டு பஸ்ஸுக்கு நிக்கா. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "லே, நானும் வெளிய போவத்தான் போட்டேன்"னு சொன்னா.

எனக்கு முதல்ல அவளுக்கு ஓட்டு இருக்குங்கதே தெரியாது. அப்ப அவ கையில இந்திய பாஸ்போர்ட்தான். ஆனா காமன்வெல்த் நாட்டுக்காரங்க அங்க முறையா குடியிருந்தா அந்த ஓட்டெடுப்புல போடலாம்னு சட்டம். அவ வார்டுலயே போர்ச்சுகல்காரி ஒருத்தி வேலை பாக்கா, ஒன்பது வருசமா வரி கட்டுறவ, அவ வாழ்க்கைதான் அந்த ஓட்டுல தொங்குது, அவளுக்கு ஓட்டு கிடையாது. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர மத்த ஐரோப்பிய நாட்டுக்காரங்க யாரும் போட முடியாது. குழித்துறைல ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வளந்த எங்க அக்கா போடலாம். இத எத்தன தடவ நெனச்சாலும் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு.

அன்னைக்கு நான் அவகூட சண்ட போட்டேன். எதுக்குப் போட்டன்னு ஒரு வார்த்த கேக்கல, "என்னக்கா இப்படி முட்டாத்தனம் பண்ணிட்ட"ன்னு மட்டும் சொன்னேன். இந்த போஸ்ட் முழுக்க அந்த ஒரு தப்ப பத்திதான்.

ரிசல்ட்ட பாத்தா வெளிய போவணும்னு 1 கோடியே 74 லட்சம் பேரு, உள்ள இருக்கணும்னு 1 கோடியே 61 லட்சம் பேரு. 51.9 சதவீதம், 48.1 சதவீதம். வித்தியாசம் 12 லட்சத்து 69 ஆயிரம் சொச்சம். எங்க கன்னியாகுமரி ஜில்லால 2011 கணக்குப்படி 18 லட்சத்து 70 ஆயிரம் பேரு இருக்கோம், அத வச்சுப் பாருங்க. இவ்ளோ பெரிய நாடு நாப்பது வருசத்துக்கு மேல இருந்த கூட்டணிய விட்டு வெளிய போறது ஒரு சின்ன ஜில்லாவோட ஜனத்தொகைய விட கம்மியான வித்தியாசத்துல முடிவாச்சு. அதனால தோத்த பக்கம் சும்மா இருக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுது. இன்னொரு ஓட்டெடுப்பு வேணும்னு பார்லிமெண்ட் வெப்சைட்ல இருந்த மனுவுக்கு 41 லட்சம் கையெழுத்து விழுந்துச்சு. எழுவத்தஞ்சு சதவீதத்துக்குக் கம்மியான பேரு வந்து போட்டு, எந்தப் பக்கத்துக்கும் அறுவது சதவீதம் கிடைக்கலன்னா மறுபடி நடத்தணும்னு அதுல கேட்டிருந்தாங்க. இந்த மனுவ ஆரம்பிச்சவரு வெளிய போவணும்ங்கற கட்சி, அதுவும் ஓட்டு நடக்கதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, தன் பக்கம் தோத்துரும்ங்கற பயத்துல ஆரம்பிச்சது. அதே மே மாசத்துலதான், வெளிய போவணும்னு முன்னால நின்ன தலைவரு நைஜல் ஃபராஜும் 52க்கு 48ன்னு வந்தா விசயம் முடிஞ்சதா அர்த்தம் இல்லன்னு பேட்டி குடுத்தாரு. அதே 52க்கு 48தான் வந்துச்சு, ஆனா ஜெயிச்சது அவரு பக்கம். அதுக்கப்புறம் மக்கள் தீர்ப்பு மக்கள் தீர்ப்புதான்னு ஆயிப்போச்சு.

நானும் அப்படித்தான் இருந்திருக்கேன், அதனாலதான் இது என்ன இவ்ளோ தொந்தரவு பண்ணுது.

பிரிட்டன் விசயத்துக்கு அஞ்சாறு வருசம் முன்னாடி எங்க சர்ச் சபைல ஒரு ஓட்டு நடந்துச்சு. நாங்க பக்கத்து ஊர் சபையோட ஒரே சேகரமா, அதாவது ஒரே நிர்வாகத்துக்குக் கீழ இருந்தோம், காணிக்கை எல்லாம் பெரிய கோயிலுக்குப் போவுது, எங்க கோயில் ஓடு மாத்த ஆளில்ல, அதனால பிரிஞ்சு தனியா நிக்கலாம்னு ஒரு கூட்டம் சொல்லிச்சு, எதுக்கு பிரிவு, கூட இருந்தாத்தான் பலம்னு இன்னொரு கூட்டம். நான் பிரியக்கூடாதுங்கற பக்கம். ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சதும் கை தூக்கச் சொன்னாங்க, பதினோரு ஓட்டுல நாங்க தோத்தோம். அன்னைக்கு ராத்திரியே நான் இன்னும் நாலு பேர கூட்டிட்டு வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்கினேன். வெளிநாட்டுல இருக்கவங்க லீவுக்கு வரல, கை எண்ணினது சரியில்ல, வயசானவங்களுக்கு கேள்வி புரியல, இப்படி எங்களுக்கு நூறு காரணம். பேசிப் பேசி ஆறு மாசத்துல மறுபடி ஓட்டு வச்சாங்க, நாங்க ஜெயிச்சோம். எனக்கு அவ்ளோ சந்தோசம். அடுத்த வாரமே அவங்க மூணாவது ஓட்டு கேட்டாங்க, நாங்க முடியாதுன்னுட்டோம். அதோட ரெண்டு பக்கமும் கல்யாணத்துக்குப் போறது நின்னுச்சு, அடக்கத்துக்குப் போறதே பெரும்பாடாயிட்டு. கோயில் கூரைக்குக் கீழ இப்பவும் மழை பெஞ்சா பக்கெட் வைக்கோம். பிரியணும்னு சொன்னவங்க முதல்ல இருந்தே சொன்ன விசயம் அந்த ஓடுதான். ரெண்டாவது ஓட்டுல ஜெயிச்ச நாங்க ஒரு ஆளாவது அத மாத்தலாம்னு எந்திரிக்கல.

சரி, லண்டனுக்கு வாரேன். 2018 அக்டோபர் 20லயும் 2019 மார்ச் 23லயும் இன்னொரு ஓட்டு வேணும்னு லட்சக்கணக்கான பேரு லண்டன் தெருவுல நடந்தாங்க. வெளியேற்றத்தயே ரத்து பண்ணுங்கன்னு ஒரு மனுவுக்கு 60 லட்சம் கையெழுத்துக்கு மேல போச்சு. நான் மொபைல்ல அந்த ஊர்வலத்த பாத்துட்டு அக்காவுக்கு போன் பண்ணி "பாரு, உன் ஊர்ல எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க, மறுபடி ஓட்டு வந்தா சரியா போடு"ன்னு சொன்னேன்.

அவ கத்தல. அவ எப்பவும் கத்தமாட்டா. "மக்ளே, மூணு வருசமா நீ எங்கிட்ட பேசுற, நான் ஏன் அப்படி போட்டேன்னு ஒருநாளாவது கேட்டியா"ன்னு கேட்டா. நான் வாயடச்சு நின்னேன். அப்புறம் அவளே சொன்னா. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மாவ தன்கூட கொண்டு வச்சுக்கணும்னு அவ எவ்வளவோ முயற்சி பண்ணிருக்கா. 2012 ஜூலைல பிரிட்டன் சட்டத்த மாத்தினாங்க. வயசான அப்பா அம்மா தன் வேலய தானே செய்ய முடியாத நெலமைல இருக்கணும், ஊர்ல பாத்துக்க ஆளும் வழியும் இல்லன்னு நிரூபிக்கணும், அப்பத்தான் விசா. எங்க அம்மா தானா எந்திரிச்சு நடப்பாங்க, மீன் வெட்டுவாங்க, ஊர்ல நான் ஒருத்தன் வேற இருக்கேன், அதனால கிடைக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஆனா அவகூட வேலை பாக்குற போலந்துக்காரி ஐரோப்பிய யூனியன் சட்டத்துல அவங்க அம்மாவ கூட்டிட்டு வந்து வச்சிருக்கா. "அவ அம்மா சாயங்காலம் பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போவா, நான் ஜன்னல் வழியா பாத்துட்டு நிப்பேன். அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவ நல்லவ. ஆனா எனக்கு மட்டும் ஏன் முடியாதுன்னு இருந்துச்சு. இவங்களுக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டம்ங்கறது போனா நமக்கும் கதவு தொறக்கும்னு சொன்னாங்க, நம்பினேன்."

ஒரே வீட்டுல பொறந்த எனக்கு இது தெரியல. அம்மாவுக்கும் தெரியாது.

இதுக்கு அப்புறம்தான் மத்த நாட்டுல எல்லாம் இப்படி ரெண்டாவது ஓட்டு நடந்திருக்கான்னு உக்காந்து படிச்சேன். நடந்திருக்கு. டென்மார்க்ல 1992ல ஐரோப்பிய யூனியன உண்டாக்குன மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு 50.7 சதவீதம் பேரு வேண்டாம்னாங்க. அடுத்த வருசம் 56.7 சதவீதம் சரின்னாங்க. அயர்லாந்துல 2008ல யூனியன் விதிகள மாத்துற லிஸ்பன் ஒப்பந்தம் தோத்துச்சு, 2009ல 67 சதவீதத்துல ஜெயிச்சுது. "சரியான பதில் வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருப்பாங்க"ன்னு இத திட்டுறவங்க உண்டு, நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா ரெண்டு ஓட்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். டென்மார்க்குக்கு பொது நாணயம், ராணுவம், நீதித்துறை, யூனியன் குடியுரிமை, இந்த நாலுல இருந்தும் விலக்கு வாங்கினாங்க. அயர்லாந்துல ஜனங்க எதுக்குப் பயந்தாங்கன்னு கேட்டு, எங்க வரி எங்க கையிலதான், எந்த ராணுவக் கூட்டுலயும் சேரமாட்டோம், கருக்கலைப்பு சட்டத்துல கை வைக்கக்கூடாது, யூனியன நடத்துற கமிஷன்ல எங்க நாட்டு ஆளு ஒருத்தர் இருக்கணும், இப்படி ஒவ்வொண்ணுக்கும் எழுத்துல உறுதி வாங்கிட்டு வந்துதான் மறுபடி ஓட்டு கேட்டாங்க. வேண்டாம்னு போட்டவங்க வீட்டு வாசல்ல போய் உனக்கு என்ன பிரச்சினன்னு கேட்டிருக்காங்க. பிரிட்டன்ல உள்ள இருக்கணும்னு நெனச்ச கூட்டத்துல நெறய பேரு அத செய்யல. ஏமாந்துட்டீங்க, படிப்பில்லாதவங்க, பஸ்ல எழுதின பொய்ய நம்பிட்டீங்கன்னுதான் சொன்னாங்க. வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போவுதுன்னு வெளிய போவணும்ங்கறவங்க பிரச்சார பஸ்ல எழுதினது தப்புக் கணக்குதான், அந்த நாட்டு புள்ளிவிவர ஆணையமே சொல்லிட்டு. ஆனா அந்த பஸ்ஸ பாத்து எங்க அக்கா ஓட்டுப் போடல.

இங்கிலாந்துல கிரிம்ஸ்பி பக்கம் பத்துல ஏழு பேரு வெளிய போவணும்னு போட்டிருக்காங்க. ஒருகாலத்துல மீன்பிடிக்கு பேர்போன துறைமுகம், மீன்பிடி விதிய யூனியன்தான் முடிவு பண்ணிச்சு. எங்க கடலோரத்துல இருக்கவங்களுக்கு இத சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்ல. எங்க ஜில்லால சின்னமுட்டத்துல விசைப்படகுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடை, குளச்சல் முட்டம் பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடை. மீன் குஞ்சு பொரிக்கதுக்கு நல்லதுன்னு அவங்களுக்கே தெரியும். இருந்தாலும் எங்கயோ ஏசி ரூம்ல தேதி எழுதுறவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானான்னு குளச்சல்ல நின்னு கேட்டா, அந்தக் கேள்வி கிரிம்ஸ்பிலயும் இருந்திருக்கும்தானே. ஓட்டுச்சீட்டுல ஒரே ஒரு கட்டத்துலதான் குறி போட முடியும். அதுக்குள்ள மீனும் இருக்கு, அம்மாவும் இருக்கு.

இத எல்லாம் எழுதும்போது எங்க பாட்டா, அதான் தாத்தா, நெனப்பு வருது. நாங்களும் ஒண்ண விட்டு இன்னொண்ணுக்கு வந்தவங்கதான். 1956 நவம்பர் 1ல திருவிதாங்கூர்-கொச்சில இருந்து கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் அப்ப மெட்ராஸ் ஸ்டேட்னு இருந்த தமிழ்நாட்டோட சேந்துச்சு, அந்த நாளுக்கு இப்பவும் எங்க ஜில்லாவுக்கு மட்டும் லீவு. அதுக்கு ஓட்டெடுப்பு எதுவும் நடக்கல. மார்ஷல் நேசமணி தலைமைல வருசக்கணக்கா போராட்டம், 1954 ஆகஸ்ட் 11ல துப்பாக்கிச் சூடு, உயிர் போச்சு, அப்புறம் மாநில சீரமைப்பு கமிஷன் சொன்னபடி கோடு விழுந்துச்சு. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்னுட்டு, தேவிகுளம் பீர்மேடும் கிடைக்கல. பாட்டாவோட தங்கச்சிய பாறசாலைல கட்டிக் குடுத்தது. களியக்காவிளை தாண்டி அஞ்சு நிமிசம், ஆனா கோடு விழுந்த பொறவு அது வேற ஸ்டேட். பாட்டா சேரணும்னு கொடி பிடிச்சவரு, கடைசி வரைக்கும் அதுல பெருமதான். ஆனா தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தா மட்டும் "அவ கிட்ட யாரு கேட்டா மக்களே"ன்னு சொல்லுவாரு.

மறுபடி ஓட்டு கேக்கதே தப்புன்னு நான் சொல்லமாட்டேன். 1975ல 67 சதவீதம் பேரு உள்ள இருப்போம்னு போட்ட நாடுதானே 2016ல மாத்திப் போட்டுச்சு, ஜனங்களுக்கு மனசு மாத்த உரிமை இருக்கு. வெளிய போறதுன்னா எப்படிப் போறதுங்கற ஒப்பந்தம் கையில வந்தப்போ அத ஜனங்க முன்னாடி வச்சிருக்கணும்னு இப்பவும் நெனக்கேன், அது பழைய கேள்வி இல்ல, புதுக் கேள்வி. 2019 ஏப்ரல் 1ல அந்த யோசன பார்லிமெண்ட்ல 280க்கு 292ன்னு பன்னெண்டு ஓட்டுல தோத்துச்சு. டிசம்பர் எலெக்ஷன்ல, வெளிய போயே தீரணும்னு சொன்ன பிரதமர் போரிஸ் ஜான்சன் கட்சி 365 சீட்டு ஜெயிச்சுது, 2020 ஜனவரி 31ல வெளிய போயிட்டாங்க. பன்னெண்டு ஓட்டுன்னு பாக்கும்போது எனக்கு எங்க சபைல விழுந்த பதினோரு கைதான் ஞாபகம் வந்துச்சு.

அக்கா எதிர்பாத்த கதவு தொறக்கல. 2020 ஆகஸ்ட்ல ஹெல்த் அண்ட் கேர் விசான்னு ஒண்ணு வந்துச்சு, எங்க பக்கத்துல இருந்து நெறய பிள்ளைங்க நர்ஸ் வேலைக்குப் போனாங்க. ஆனா அப்பா அம்மாவுக்கான சட்டம் அப்படியேதான் இருக்கு. புதுசா அங்க போற போலந்துக்காரிக்கும் இப்ப அதே சட்டம்தான். "எனக்கு கிடைக்கணும்னு போட்டேன், அவங்களுக்கும் இல்லாம ஆயிட்டு"ன்னு அக்கா ஒருநாள் சொல்லி அழுதா. இப்ப மறுபடி ஓட்டு வந்தா என்ன போடுவன்னு கேட்டேன், இந்தத் தடவ நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சா. "எங்கிட்ட என்ன கேக்காங்கன்னு முதல்ல பாக்கணும் மக்ளே"ன்னா.

போன ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு, அன்னைக்கு பிரியணும்னு முதல்ல கை தூக்கின அண்ணன் வீட்டுக்குப் போனேன். எட்டு வருசத்துக்கு மேல ஆச்சு நான் அந்தப் படி ஏறி. அவரு வாசல்லயே நின்னாரு, என்ன விசயம்னு கேட்டாரு. ஓடு மாத்த எவ்வளவு ஆவும்னு கேக்க வந்தேன் அண்ணேன்னு சொன்னேன். உள்ள பாத்து சாயா போடச் சொல்லிட்டு, நோட்டு எடுக்கப் போனாரு.