ரோகானன் கேட்ட குரல்கள்

1982-இல் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, கேட்காமல் இருப்பதைத்தான். இரண்டு ஊர்களை இணைத்ததும் பேச்சு தொடங்கிவிட்டதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு விலகிவிட வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் மறுபடி நுழைந்து, “நீட்டிக்கலாமா?” என்று கேட்கலாம். அவ்வளவுதான் அனுமதி. ஆனாலும் அந்த ஒரு நொடியில் காதில் விழுவது விழுந்துவிடும். ஓர் இரவு தேவகோட்டைக்கு ஓர் அவசர ட்ரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு. நீட்டிக்கலாமா என்று கேட்க நுழைந்தேன். இரண்டு முனையிலும் பேச்சில்லை. ஓர் ஆண் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அவருடைய தகப்பனார் அன்று மாலை போய்விட்டார் என்பது இணைக்கும்போதே என் காதில் விழுந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அழைப்பைப் பதியும் டிக்கெட்டில் இன்னொரு மூன்று நிமிடம் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த மூச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த நினைவைக் கிளறிவிட்டது ஓர் ஆங்கில நாவல். என் மகள் விட்டுச்சென்ற புத்தகங்களில், மூன்று நாவல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு ஒன்று இருந்தது. அதில் முதலாவது உர்சுலா லெ குவின் எழுதிய ‘ரோகானன்ஸ் வேர்ல்ட்’. 1966-இல் வந்த, அவருடைய முதல் நாவல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு நாளில் படித்து முடித்தேன். மறுநாளே முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

விண்கலமும் வேற்றுக்கிரகவாசிகளும் ஒரு பக்கம். வாளேந்திய பிரபுக்கள், பூனையைப் போன்ற உடலும் இறக்கையும் கொண்ட வாகனங்கள், பாதாளவாசிகள் மறுபக்கம். அறிவியல் புனைவு சிவப்பு, மாயக்கதை நீலம் என்றால் இந்த நாவல் ஊதா என்ற பொருளில் ஆசிரியரே பின்னாளில் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த ஊதா மிகவும் பிடித்திருக்கிறது. முன்கதையைப் படிப்பவர்களுக்கு அது எப்படிப்பட்ட நிறம் என்று புரிந்துவிடும்.

அந்த முன்கதை 1964-இலேயே தனிச் சிறுகதையாக வந்தது. செம்லி என்ற பிரபுகுலப் பெண், தன் குடும்பம் இழந்த நீலக்கல் அட்டிகையைத் தேடி, மண்ணுக்கடியில் வாழும் கிடெமியார் என்ற குள்ள மனிதர்களிடம் போகிறாள். அது வேறொரு உலகத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. “ஒரே ஒரு நீண்ட இரவுதான்” என்று சொல்லி அவளைக் கலத்தில் ஏற்றுகிறார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த உலகம் எட்டு ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் போகும் கலத்துக்குள் இருப்பவருக்குக் காலம் சுருங்கிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்குச் சுருங்காது. அவள் அட்டிகையோடு திரும்பி வரும்போது பதினாறு ஆண்டுகள் போய்விட்டன. கணவன் இறந்துவிட்டான். குழந்தையாக விட்டுச்சென்ற மகள் அவள் வயதுக்கு வளர்ந்து எதிரே நிற்கிறாள். ரைவத மன்னன் தன் மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்துவிட்ட கதையை என் பாட்டி சொல்வாள். ரேவதிக்காவது பலராமன் கிடைத்தான். செம்லிக்கு யாரும் இல்லை. அட்டிகையை மகளிடம் விட்டுவிட்டு அழுதபடி காட்டுக்குள் ஓடிவிடுகிறாள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த அருங்காட்சியகத்தில் அட்டிகையை அவள் கையில் கொடுத்தவர்களில் ஒருவன்தான் ரோகானன். இனவியல் ஆய்வாளன். (லெ குவினின் தகப்பனார் ஆல்ஃபிரெட் குரோபரும் புகழ்பெற்ற மானுடவியலாளர். கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி என்ற மனிதரோடு பழகி அவர் மொழியைப் பதிவு செய்தவர்களில் ஒருவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணின் கதாநாயகன் போர்வீரனாக இல்லாமல் ஆய்வாளனாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை.) பல ஆண்டுகள் கழித்து அவன் செம்லியின் உலகத்துக்கு ஆய்வுக்கு வருகிறான். அங்கே ரகசியமாகத் தளம் அமைத்த எதிரிகள் அவன் கலத்தையும் தோழர்களையும் அழித்துவிடுகிறார்கள். எந்தத் தொலைவானாலும் அந்த நொடியே சேதி சேர்க்கும் ‘அன்சிபில்’ கருவியும் போய்விடுகிறது. இந்தச் சொல்லை உருவாக்கியவர் லெ குவின்தான். பிற்பாடு வேறு எழுத்தாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். உடல் போய்ச்சேர ஆண்டுகள் ஆகும், குரல் மட்டும் உடனே போய்விடும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பழக்கமானது. பம்பாய் மகனின் குரலை மூன்று நிமிடம் கொடுக்க முடியும், அவனைக் கொடுக்க முடியாது என்ற நிலையில்தான் எங்கள் போர்டு முன் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தோம்.

செம்லியின் பேரன் மோகியனோடு ரோகானன் தெற்கே நெடும்பயணம் போகிறான். நடுப்பகுதி எனக்குச் சற்றுத் தொய்வாகவே இருந்தது. நெருப்பும் தீண்டாத அங்கி ஒன்றை அவனுக்குக் கொடுத்தது கதைக்கு நல்லதல்ல என்பது என் எண்ணம். அவனைக் கட்டி எரிக்கும் இடத்தில் எனக்குப் பயமே வரவில்லை. ஆனால் தேவதைகளைப் போல அழகான, உள்ளே அறிவென்று எதுவுமில்லாத இறக்கை உயிரினங்கள் வரும் அத்தியாயத்தைப் படித்த இரவு விளக்கை அணைக்கவில்லை.

பிறகு மலைக்குகை வருகிறது. அங்கே இருக்கும் பழைய உயிர் ஒன்று, அவனுக்கு மனப்பேச்சைக் கொடுக்க முன்வருகிறது. எதிரிகளின் மனத்தைக் கேட்கலாம். பதிலுக்கு, கொடுக்க அவன் மனம் எதற்கு ஒப்பாதோ அதைக் கொடுக்க வேண்டும். அவன் சம்மதிக்கிறான். மோகியன் எதிரியின் ஹெலிகாப்டர் மீது தன் இறக்கை வாகனத்தோடு மோதி இறக்கும்போதுதான் விலை என்னவென்று தெரிகிறது.

பிறர் மனத்தை அறியும் ஆற்றலைப் பற்றி நான் படித்த கதைகளில் எல்லாம் அது ஓர் ஆயுதம். இங்கேயும் ரோகானன் அதை ஆயுதமாகத்தான் வாங்கினான். அதைக்கொண்டு எதிரியின் தளத்துக்குள் நுழைந்து, அவர்களுடைய அன்சிபிலில் இருந்தே தன் தரப்புக்குச் சேதி அனுப்புகிறான். ஆளில்லாத குண்டுக்கலங்கள் வந்து அந்த இடத்தையே அழிக்கின்றன. அவன் தொலைவில் தப்பி நிற்கிறான். ஆனால் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. தளத்தில் இருந்த அத்தனை பேருடைய சாவும் ஒரே நொடியில் அவனுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. அவர்கள் கொலைகாரர்கள்தான், அவன் தோழர்களைக் கொன்றவர்கள்தான். ஆனாலும் அவனுக்கு வெற்றி என்ற சொல்லே கிட்டவில்லை. ஒரு மனிதனின் மூச்சைக் கேட்டுவிட்டு அவனை யாரோ ஒருவன் என்று சொல்லிவிட முடியாது. இதை எனக்கு யாரும் எழுதிக்காட்டியதில்லை. இந்த அம்மையார் எழுதியிருக்கிறார். அவர் 2018-இல் காலமானார். அதற்கு முன்பே படித்திருந்தால் ஒரு கடிதம் போட்டிருப்பேன்.

செம்லியின் சூரியன் நம் வானத்தில் இருக்கிறது. ஃபொமல்ஹாட் என்று பெயர். 25 ஒளியாண்டு தொலைவு. ஐப்பசியில் மழை விட்ட இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் தெற்கே பார்த்து நின்றால், அதிகம் நட்சத்திரமில்லாத ஒரு பகுதியில் பாதி உயரத்தில் தனியாக மினுங்கும். அங்கே ஒரு கிரகத்தைப் படம் பிடித்துவிட்டதாக 2008-இல் அறிவித்தார்கள். அது மோதலில் எழுந்த தூசுப்படலமாகத்தான் இருக்கும் என்று 2020-இல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் துக்கமாகவே இருந்தது.

ரோகானன் அந்த உலகத்திலேயே தங்கிவிடுகிறான். கன்யே என்ற பெண்ணை மணக்கிறான். அவன் ஒரு நொடியில் அனுப்பிய சேதிக்குப் பதிலாக, ஆட்கள் ஆண்டுக்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும்போது அவன் உயிரோடு இல்லை. அந்த உலகத்துக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. எங்களிடம் பி.பி. கால் என்று ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஒருவரை மட்டுமே கேட்டுப் பதிவு செய்வது. அவர் இல்லையென்றால் யார் வந்து எடுத்தார்கள் என்பதைக் கேட்டு அழைத்தவரிடம் சொல்வோம். இங்கே வந்தவர்களை வரவேற்பவள் அவனுடைய விதவை. அவள் கழுத்தில் செம்லியின் நீலக்கல் இருக்கிறது.