இரண்டு கிளிக்

மகன் சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறான். போன கோடையில் நானும் வீட்டுக்காரியும் அவனிடம் இரண்டு மாதம் இருந்தோம். உப்பு ஏரி, மலை, மால் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் லேத்தோடு நின்றவனை சோபாவில் உட்கார வைத்தால் எத்தனை நாள் தாங்குவான்? ஒரு சனிக்கிழமை, "அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டி ஆக்டன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். பழைய ரயில் நிலையக் கட்டடம். அதற்குள் ஜான் மோசஸ் பிரவுனிங் பெயரில் ஒரு துப்பாக்கி மியூசியம்.

எனக்குத் துப்பாக்கியில் பெரிய ஆசை கிடையாது. கோயம்புத்தூரில் பம்ப் பாகங்கள் கடைந்து கொடுத்தவன் நான். ஆனால் எம்2 என்ற அந்தக் கனரக இயந்திரத் துப்பாக்கியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த நீளப் பெட்டி, முன்னால் கனமான பேரல், பின்னால் இரண்டு கைப்பிடி, நடுவில் கட்டைவிரலால் அழுத்த ஒரு விசை. துப்பாக்கி மட்டும் 38 கிலோ. முக்காலியோடு சேர்த்தால் 58 கிலோ. எங்கள் தெருவில் நெல் மூட்டை தூக்கியவர்களுக்கு அந்த எடை நன்றாகத் தெரியும்.

பிரவுனிங் அந்த ஊர்க்காரர்தான். 1855-ல் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார், பையன் பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே வளர்ந்தான். அவர் பெயரில் 128 பேட்டன்ட். 1917 மே மாதம் இவர் செய்த சின்ன அளவு இயந்திரத் துப்பாக்கியை ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ராணுவ ஆயுதச் சாலையில் சோதித்தார்கள். 20,000 ரவுண்டு தகராறில்லாமல் சுட்டது. இன்னும் 20,000 போட்டார்கள், ஒரே ஒரு பாகம் உடைந்தது. அதன் பிறகும் அதிகாரிகளுக்குச் சந்தேகம். இது ஸ்பெஷலாகச் செய்து கொண்டுவந்ததோ என்று. இன்னொன்றை எடுத்து வைத்தார் மனிதர். அது 48 நிமிடம் 12 வினாடி நிற்காமல் சுட்டது. சாம்பிள் பீஸை மட்டும் பளபளவென்று கொடுத்துவிட்டு ஆர்டர் வந்ததும் கோட்டை விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையை மகனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

முதல் உலகப் போரில் விமானங்களுக்கும் வண்டிகளுக்கும் கவசம் வந்துவிட்டது. பழைய ரைஃபிள் தோட்டா பத்தவில்லை. அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் பெரிய தோட்டா கேட்டார். பிரவுனிங் தன் பழைய டிசைனையே பெரிதாக்கினார். விட்டம் அரை அங்குலம், அதைத்தான் ஐம்பது கேலிபர் என்கிறார்கள், மில்லிமீட்டரில் 12.7. ஆனால் அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1926 நவம்பரில், பெல்ஜியத்தின் லீயேஜ் ஊரில் வேறொரு கைத்துப்பாக்கி வேலையில் இருந்தபோது நெஞ்சு நின்று இறந்துபோனார். சாமுவேல் கிரீன் என்ற பொறியாளர்தான் பிறகு இதைத் திருத்தினார். தோட்டா கோத்த பெல்ட்டை இடது பக்கமும் கொடுக்கலாம், வலது பக்கமும் கொடுக்கலாம். ஒரே உடம்பு, பேரலையும் சில பாகங்களையும் மாற்றினால் கப்பலுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. 1933-ல் எம்2 என்று பெயர் வந்தது. காற்றில் குளிரும் முதல் மெல்லிய பேரல் சீக்கிரமே சூடேறி மக்கர் செய்ய, கனமான பேரல் போட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கனப் பேரல்தான்.

இது வேலை செய்கிற விதம் தனி ரசனை. சுட்டதும் பேரலும், அதன் பின்வாயை அடைத்து நிற்கிற போல்ட் என்ற துண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே கொஞ்ச தூரம் பின்னால் வரும். அதற்குள் குண்டு வாயைத் தாண்டிவிடும், உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். அப்போதுதான் பூட்டுக் கட்டை கீழே இறங்கி இரண்டையும் பிரிக்கிறது. பேரல் நின்றுவிட, அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு, கொக்கி மாதிரி வளைந்த ஒரு துண்டு போல்ட்டைப் பின்னால் எற்றிவிடும். இரண்டு பேர் ஓடிவந்து ஒருவன் நின்று மற்றவனை முதுகில் தள்ளிவிடுகிற மாதிரி. போகிற போக்கில் போல்ட் காலித் தோட்டாவையும் இழுக்கிறது, பெல்ட்டிலிருந்து அடுத்ததையும் உருவுகிறது. நிமிடத்துக்கு 450-லிருந்து 600 தடவை இந்தக் கூத்து. வெளியிலிருந்து கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. உதைக்கிற உதையே கூலி.

வீட்டுக்காரி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல எத்தன பேர் செத்திருப்பாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பி-17 ஜி குண்டுவீச்சு விமானம் ஒன்றில் மட்டும் இப்படி 13 துப்பாக்கி என்பது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

என் மனது வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஹெட்ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும் பேரலில் உட்கார்ந்திருக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி. பெரும்பாலான துப்பாக்கிகளில் தொழிற்சாலையிலேயே முடிந்துபோகிற சமாச்சாரம். எம்2-வில் பேரலை மரை போட்டுத் திருகி மாட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் சிப்பாய்தான் அந்த இடைவெளியை வைக்க வேண்டும். திருகிக்கொண்டே போய், பிறகு இரண்டு கிளிக் சத்தம் கேட்கும்வரை பின்னால் தளர்த்திவிட்டு, கேஜ் என்ற அளவுத் துண்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். கோ கேஜ் 0.202 அங்குலம், நோ-கோ 0.206. முதலாவது போக வேண்டும், இரண்டாவது போகக் கூடாது. நடுவில் நாலு தௌ. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. அதிகம் தளர்ந்தால் தோட்டாவின் கூடு உள்ளேயே கிழியும். ஆள் காயப்படுவான்.

எங்கள் பட்டறையில் நாலு தௌவைப் பிடிக்க நல்ல வெளிச்சம், சுத்தமான துணி, டீ குடித்து வந்த கை எல்லாம் வேண்டும். நான் சேர்ந்த புதிதில், கைப்பதத்திலேயே சரியாக இருக்கிறது என்று கேஜ் போடாமல் நாற்பது புஷ் கடைந்து தள்ளினேன். முப்பத்தொன்று ஸ்கிராப். அதையே இருட்டில், சேற்றில், எதிரே சுடுகிறபோது செய்யச் சொன்னால்? 1933-லிருந்து செய்யச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

டோரிஸ் மில்லர் நினைவுக்கு வந்தார். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட நாள். வெஸ்ட் வர்ஜீனியா போர்க்கப்பலில் உணவுக்கூட ஊழியர், 22 வயது. கறுப்பினத்தவர் என்பதால் கடற்படை அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கவில்லை. அழுக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தவர், காயம்பட்ட கேப்டனைத் தூக்க உதவிவிட்டு, ஆளில்லாமல் கிடந்த ஐம்பது கேலிபர் பிரவுனிங் ஒன்றைப் பிடித்து, தோட்டா தீரும்வரை விமானங்களை நோக்கிச் சுட்டார். மற்றவர்கள் சுடுவதைப் பார்த்த அனுபவம்தான். அடுத்த வருஷம் மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் கையால் நேவி கிராஸ் பதக்கம் வாங்கினார். 1943 நவம்பரில் லிஸ்கம் பே என்ற கப்பலோடு மூழ்கிப்போனார். எல்லாரும் அவர் துணிச்சலைப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு மட்டும் கூடவே ஒரு நினைப்பு: அதற்கு முன்னால் பெயர் தெரியாத ஒருவர் அந்த ஹெட்ஸ்பேஸை ஒழுங்காக வைத்திருக்கிறார்.

2010-ல்தான் எம்2ஏ1 என்று மாற்றினார்கள். பேரலை நுழைத்துத் திருப்பினால் போதும், இடைவெளி நிலையாக இருக்கும், கேஜ் தேவையில்லை. 77 வருஷம்! இதில் எனக்குக் கோபமா மரியாதையா என்று இன்னும் தெரியவில்லை. இத்தனை கெட்டியான மெஷினில் இந்த ஒரு பொறுப்பை மட்டும் களைத்துப்போன ஆளின் விரல்களிடம் விட்டுவைத்திருந்தார்கள்.

வெளியே வரும்போது வாசல் பக்கம் ஒரு பெரியவர் நின்றிருந்தார், ராணுவத் தொப்பி போட்டவர். மகன்தான் பேச்சுக் கொடுத்தான். வியட்நாமில் கவச வண்டியின் மேலே இதே துப்பாக்கியோடு இருந்தாராம். ராத்திரியில் பேரல் மாற்றியிருக்கிறீர்களா, விளக்கு இல்லாமல் எப்படி என்று கேட்கச் சொன்னேன். மகன் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் அவர் கையைத் தூக்கி, காற்றில் எதையோ இடது பக்கம் மெதுவாகத் திருப்பினார். அப்புறம் காதைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் இரண்டு விரல்.