டோரில் தொடர் பார்க்க வேண்டாம்

பினாங்கு அண்ணன் சொன்ன மலேசியத் தமிழ்த் தொடர், இந்தியாவுக்கு உரிமம் இல்லாததால் இங்கே திறக்கவில்லை. ஆச்சிக்காக, நாம் இருக்கும் இடத்தை மறைத்து இணையம் பார்க்க உதவும் டோர் உலாவியைப் போடலாமா என்று காரைக்குடியிலிருந்து தம்பி கேட்கிறான்.

வேண்டாம்டா. டோரில் நம் இணைப்பு மூன்று கணினிகளைத் தாண்டித்தான் தளத்துக்குப் போகும். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் வட்டம்தான் சுற்றும். தளத்துக்கு நம் இடமாகத் தெரியும் கடைசிக் கணினி மலேசியாவில் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. அந்தக் கடைசிக் கணினிகளின் முகவரிப் பட்டியல் பொதுவில் கிடைப்பதால், பல வீடியோ தளங்கள் மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. அந்தக் கணினிகளைத் தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். தணிக்கை உள்ள நாட்டில் செய்தி அனுப்பப் போராடும் பத்திரிகையாளருக்கு அவற்றின் வேகம் உயிர்மூச்சு. அதைத் தொடர் பார்க்க நாம் எடுக்கக் கூடாது. இந்திய உரிமம் வரட்டும், ஆச்சியோடு சேர்ந்து பார்ப்போம்.